வெள்ளரித்திட்டு, கொக்குத்திட்டு, ஒரு மூளிக்காது

“சின்னம்மை, உண்மை எதுன்னு தெரியாம எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது.”

இப்படிச் சொல்லிக்கொண்டேதான் திருமேனி மடத்துக்குள் வந்தான். கக்கத்தில் மடிக்கணினி.

சின்னம்மை தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் குந்தி உட்கார்ந்து, ஒழுகுகிற குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

“சோறு இறங்கலையா அண்ணே? தொப்பை வேற மாதிரில்ல சொல்லுது.”

சின்னம்மை அவனைவிட வயதில் சின்னவர். குருவாக இருந்தும் எல்லாரையும் அண்ணே, அக்கா என்றுதான் கூப்பிடுவார். நெடுவாய் ஆற்றுப் பாலம் முடிகிற இடத்தில், பாறைமேல் அவர் மடம். வலங்கரை நாட்டு ஆட்களும் வருவார்கள், இடங்கரை நாட்டு ஆட்களும் வருவார்கள். செருப்பை மட்டும் தள்ளித் தள்ளிக் கழற்றுவார்கள்.

இரண்டு நாட்டுக்கும் நடுவே, ஆற்றுக்குள் ஒரு திட்டு. கோடையில் பெரிதாகும். மழையில் சிறிதாகும்.

வலங்கரையார் அதை வெள்ளரித்திட்டு என்பார்கள். இடங்கரையார் கொக்குத்திட்டு என்பார்கள். அது யாருக்கு என்பதுதான் சண்டை. வெட்டுக்குத்து ஒன்றும் கிடையாது. வாய்ச்சண்டை, கொடிச்சண்டை. இப்போது புதிதாக வலைத்தளச் சண்டை.

திருமேனிக்கு வலங்கரைக் கடைத்தெருவில் கணினி பழுது பார்க்கிற கடை. ‘வெள்ளரித்திட்டு நமதே’ என்ற தளத்தைப் பார்த்துக்கொள்வதும் அவன்தான். தளத்தை நடத்துகிற வலங்கரைச் சங்கத்தார் சம்பளம் என்று ஒன்றும் தருவதில்லை. அவன் கேட்கவும் இல்லை. ரோஷம்தான் சம்பளம்.

அவன் தொட்டியின் மேல் கணினியைத் திறந்து வைத்தான். திரையில் பாதி அவன் தளம். மறுபாதி ‘கொக்குத்திட்டின் குரல்’. அது இடங்கரையார் தளம்.

“ரெண்டையும் வரிக்கு வரி படிச்சுட்டேன் சின்னம்மை.”

“என்ன சொல்லுதுங்க?”

“ரெண்டும் வரைபடத்துலதான் ஆரம்பிக்குது. எங்க வரைபடத்துல திட்டு எங்க கரைக்குப் பக்கத்துல இருக்கு. அவங்க வரைபடத்துல அவங்க கரைக்குப் பக்கத்துல இருக்கு.”

“நகருதாக்கும்.”

“கேலி பண்ணாதீங்க. அப்புறம் செப்பேடு. பழைய ராசா அந்தத் திட்டை எங்க கோயில் விளக்குக்கு விட்டுக்கொடுத்தார்னு எங்க செப்பேடு. அதே ராசா அவங்க கோயில் பசுவுக்கு விட்டுக்கொடுத்தார்னு அவங்க செப்பேடு.”

“ரெண்டும் முழுசா இருக்கா?”

“ரெண்டுமே பாதி உடைஞ்சது.”

“ம்.”

“அப்புறம் ஒரு தீர்ப்பு. தீர்ப்பு ஒண்ணுதான். முன்பாதியை நாங்க போட்டிருக்கோம். பின்பாதியை அவங்க போட்டிருக்காங்க. கடைசியில கையெழுத்துப் போட்டவங்க கணக்கு. ரெண்டு கணக்கையும் கூட்டினா, ரெண்டு நாட்டுலயும் அவ்வளவு சனமே கிடையாது.”

சின்னம்மை குழாயிலிருந்து கையை எடுக்காமல் திரையை எட்டிப் பார்த்தார். அவன் தளத்தின் தலையில் பச்சைப் பசேலென்று ஒரு வெள்ளரித் தோட்டம். அடுத்ததன் தலையில் வெள்ளை வெளேரென்று கொக்குக் கூட்டம்.

“உங்க படத்துல ஒரு கொக்குகூட இல்லையே அண்ணே?”

திருமேனி கழுத்தைச் சொறிந்தான்.

“இருந்துச்சு. கொடிமேலதான் வரிசையா நின்னுச்சு. படம் எடுக்கறப்ப நான்தான் கையைத் தட்டி விரட்டினேன்.”

“அவங்க படத்துல வெள்ளரிக்கொடி?”

“அது தெரியாத மாதிரி, கொஞ்சம் மேலே தூக்கி எடுத்திருக்காங்க.”

சின்னம்மை சிரித்தார். ஒழுகின தண்ணீர் அவர் மூக்கில் தெறித்தது. துடைத்துக்கொண்டார்.

“சரி, உண்மை தெரிஞ்சா என்ன செய்வீங்க?”

திருமேனி திரையில் தெறித்த துளியைத் துடைத்தான்.

அதைச் சொல்வதற்குத்தான் அவன் வந்திருந்தான். சொல்ல வாய் வரவில்லை.

*

திருமேனிக்கு ஒரே தங்கச்சி, வடிவு. இடங்கரையில் நல்லபெருமாளுக்குக் கட்டிக்கொடுத்திருந்தது. திட்டுக்காகச் சண்டை போடுகிற நாடுகள்தான். ஆனாலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் அந்தப் பாலத்தின்மேல் என்றைக்கும் நின்றதில்லை.

நல்லபெருமாள் நல்ல மனுஷன். ஆள் மட்டும் கொஞ்சம் பெரிய உருப்படி. அவர் உட்கார்ந்தால் கட்டில் முனகும்.

வடிவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. பவளம் என்று பெயர் வைத்தார்கள். பெயர் வைக்கிற அன்றைக்குப் பெரிய விருந்து. மச்சானும் மாப்பிள்ளையும் பக்கத்துப் பக்கத்து இலை.

“வெள்ளரிப் பச்சடி போட்டுக்குங்க மச்சான். கொக்குத்திட்டு வெள்ளரி,” என்றார் நல்லபெருமாள். சும்மாதான் சொன்னார்.

“வெள்ளரித்திட்டு வெள்ளரின்னு சொல்லுங்க மாப்பிள்ளை.”

“நாங்க அப்படிச் சொல்றதில்லையே.”

“இனிமே சொல்லுங்க.”

“என் வீட்டு இலையில உட்கார்ந்துக்கிட்டு என் வாயைத் திருத்தறீங்களா?”

அவ்வளவுதான். ரசத்துக்கு முன்னாலேயே திருமேனி எழுந்துவிட்டான். பாதி இலையில். சோறு போட்டவர்களுக்கு அதைவிடப் பெரிய அவமானம் கிடையாது என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்துதான் எழுந்தான்.

வாசலில் நின்று சொன்னான்.

“திட்டு யாருக்குன்னு உண்மை தெரியட்டும். எங்களோடதுன்னா உங்க வாயால நீங்க சொல்லணும். உங்களோடதுன்னா நான் வந்து கால்ல விழறேன். அதுவரைக்கும் இந்தப் படி மிதிக்க மாட்டேன்.”

மிதிக்கவில்லை.

உண்மை தெரிந்தபாடும் இல்லை. இரண்டு தளமும் நாளுக்கு நாள் வளர்ந்தன. குழந்தையும் வளர்ந்தாள். குப்புற விழுந்தாள், தவழ்ந்தாள், நடந்தாள், இப்போது வாய் ஓயாமல் பேசுகிறாள்.

காது மட்டும் மூளியாகவே இருந்தது.

காது குத்த வேண்டுமானால் பிள்ளை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். இரண்டு கரையிலும் அதுதான் வழக்கம். வடிவுக்கு வேறு அண்ணன் தம்பி இல்லை. மாமன் வராமல் காது எப்படிக் குத்துவது?

“அழகாத்தான் இருக்கா. காதுதான் மூளி,” என்று தெருவில் பார்க்கிறவர்கள் சொல்வார்கள். வடிவு குழந்தையின் முடியை இழுத்துக் காதை மூடுவாள்.

போனில் கேட்பாள்:

“அண்ணே, உண்மையைக் கண்டுபிடிச்சிட்டியா?”

“இன்னும் கொஞ்சம்தான் வடிவு.”

போன வாரம் அவள் அப்படிக் கேட்கவில்லை.

“அண்ணே, வர்ற வளர்பிறையில காது குத்தறோம். நீ வந்தா உன் மடி. வராட்டி மேல வீட்டுக்காரர் மடியில உட்கார வெச்சுக்கறோம். அவரும் எனக்கு அண்ணன் மாதிரிதான்.”

திருமேனிக்கு அன்றைக்கிலிருந்துதான் சோறு இறங்கவில்லை.

*

“ஆக, வளர்பிறைக்குள்ள உண்மை தெரியணும்,” என்றார், எல்லாவற்றையும் கேட்டு முடித்த சின்னம்மை.

“ஆமா.”

“ரெண்டுல எது மேல்?”

“எங்களோடதுதான். ஆனா…”

“ஆனா?”

“ராத்திரி அவங்களோடதைப் படிச்சா, சில இடம் முள்ளு மாதிரி குத்துது.”

“அவங்க தளம் எங்கே நொண்டுது?”

இதற்கு அவன் யோசிக்கவே இல்லை. ஆசையாகச் சொன்னான்.

“மனுஷக் கதையே இல்லை சின்னம்மை. செப்பேடு, தீர்ப்பு, வரைபடம்னு வறட்டு வறட்டுன்னு கிடக்கு. அந்தத் திட்டுல அவங்க ஆளு யாரு இருந்தா, என்ன பட்டா, ஒண்ணும் இல்லை. படிக்கறவன் மனசுல எப்படி ஒட்டும்?”

“அப்போ அந்த இடத்தை நீங்க கட்டிக் கொடுங்க.”

“எது?”

“அவங்களுக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுங்க. நொண்டாம.”

திருமேனி கணினியைப் படக்கென்று மூடினான்.

“எதிரி வீட்டுக்கு முட்டுக் கொடுக்கச் சொல்றீங்களா?”

“உங்க தங்கச்சி வாழற வீடுதானே அண்ணே.”

அவன் கணினியைத் தொட்டியின் ஓரமாகத் தள்ளி வைத்தான்.

“சங்கத்துல தெரிஞ்சா என்னைத் தொலைச்சுக் கட்டிடுவாங்க.”

“பேர் போடாம எழுதுங்க. இந்தாங்க, இதைக் கொஞ்சம் பிடிங்க.”

குழாயை அவன் கையில் கொடுத்துவிட்டுச் சின்னம்மை வேறு வாஷர் தேடப் போய்விட்டார். அவன் விரலால் அடைத்துக்கொண்டு நின்றான். முழங்கை வழியாகத் தண்ணீர் இறங்கிச் சட்டை நனைந்தது.

வெகுநேரம் கழித்துத்தான் அவர் வந்தார்.

*

முதலில் எழுதியது செத்துப்போய் இருந்தது. எழுதினவன் வலங்கரைக்காரன் என்று எழுத்தே காட்டிக்கொடுத்தது. அழித்தான்.

மறுபடி எழுதினான். அதையும் அழித்தான்.

மாப்பிள்ளை பேசுகிற மாதிரி எழுதிப் பார்ப்போமே என்று தோன்றியது. அவர் எப்படிப் பேசுவார்? நிறுத்தி நிறுத்திப் பேசுவார். நடுவில் “அதாவது” என்பார். அடுத்தவர் பேசினால் குறுக்கே பேச மாட்டார். அன்றைக்கு இலையிலும் அவர் குறுக்கே பேசவில்லை. அது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

கூடவே வடிவு என்றைக்கோ சொன்னதும் வந்தது.

பாலம் வருவதற்கு முந்தின ஒரு வெள்ளத்து வருஷம். நிறைமாதக்காரி ஒருத்தி பரிசலில் அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். சுழலில் பரிசல் தட்டுத் தடுமாறித் திட்டில் ஒதுங்குகிறது. கவிழ்த்த பரிசலுக்கு அடியில், கொட்டுகிற மழையில், பிள்ளை பிறக்கிறது. நஞ்சுக்கொடியை அங்கேயே மண்ணில் புதைக்கிறார்கள். பிள்ளைக்குக் குளிர் தாங்கவில்லை. பரிசல்காரர் தன் தலைத்துண்டை அவிழ்த்துச் சுற்றிக் கொடுக்கிறார்.

அந்தப் பிள்ளைதான் நல்லபெருமாள்.

“அவருக்கு அதைச் சொல்ல வெட்கம் அண்ணே,” என்று வடிவு சிரித்திருந்தாள். “ஊருக்குள்ள கொக்குக் குஞ்சுன்னு கேலி பண்ணுவாங்கன்னு வெளிய சொல்றதே இல்லை.”

திருமேனி எழுதினான். ஊர் போடவில்லை, பேர் போடவில்லை. ஒரு தாய், ஒரு பிள்ளை, ஒரு பரிசல், மழை. அவ்வளவுதான். கடைசியில் மட்டும் ஒரு வரி:

‘பிறந்த மண்ணைத் தன்னுடையது என்று சொல்ல ஒரு பிள்ளைக்குச் செப்பேடு வேண்டுமா?’

எழுதிவிட்டு அவனே பயந்துபோனான். இவ்வளவு நன்றாக வந்துவிட்டதே!

‘ஒரு வாசகன்’ என்று போட்டு ‘கொக்குத்திட்டின் குர’லுக்கு அனுப்பினான். மறுநாள் காலையில் முதல் பக்கத்தில் போட்டிருந்தார்கள். திருமேனி கடையில் உட்கார்ந்து படித்தான். கண் கலங்கியது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, எதிரி தளத்தில் அவன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு விருப்பக்குறி போட்டான்.

அன்றைக்குச் சாயங்காலம் அவனுடைய தளத்துக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவர் பெயர் ‘ஒரு அன்பன்’. ‘வெள்ளரித்திட்டு வலங்கரைக்குத்தான்’ என்று தலைப்பு.

இப்படி வாரத்துக்கு நாலு வரும். எல்லாம் கோபமாக இருக்கும். இது அப்படி இல்லை.

‘அதாவது, வெள்ளரி அந்தத் திட்டில் தானாக முளைக்கவில்லை. வலங்கரைக்காரர் ஒருவர், பஞ்சத்து வருஷத்தில், விதை முடிப்பைத் தலைமுண்டாசில் கட்டிக்கொண்டு நீந்திப் போனார். நடுவழியில் முண்டாசு அவிழ்ந்தது. விதையை வாயில் போட்டுக்கொண்டு, முழுங்காமல், மூச்சை மூக்கால் மட்டும் விட்டு நீந்தினார். கரையேறி எண்ணிப் பார்த்தாராம். ஒன்றுகூடக் குறையவில்லையாம். முதல் காய் காய்த்தபோது, பறித்தவர் இடங்கரைக்காரர் என்று தெரிந்தும், உப்பு வேணுமா என்றுதான் கேட்டாராம்.’

திருமேனி நாற்காலியில் சாய்ந்தான்.

அது அவன் அப்பா.

அப்பா இப்போது இல்லை. அந்தக் கதையை அவர் சொல்லாத நாள் இல்லை. வீட்டில் எல்லாரும் காதைப் பொத்திக்கொள்வார்கள். அதெல்லாம் ஒரு சாட்சியா என்று திருமேனி தளத்தில் போடவே இல்லை.

அதை முழுக்க உட்கார்ந்து கேட்டது ஒரே ஒரு ஆள்தான். கல்யாணமான புதிதில், மறுவீட்டுக்கு வந்தபோது, மொட்டைமாடியில், மாமனார் பக்கத்தில் பாய் விரித்து, “அப்புறம் என்ன ஆச்சு மாமா?” என்று கேட்டுக்கொண்டே கிடந்த ஆள்.

திருமேனி கடையைச் சாத்தினான். பூட்டக்கூட இல்லை.

*

மடத்தில் சின்னம்மை ஒரு சிறுமியின் தலையில் பேன் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் அம்மா எதிரே உட்கார்ந்து ஏதோ குறை சொல்லி அழுதுகொண்டிருந்தாள். சின்னம்மை ஒரு காதில் அதைக் கேட்டுக்கொண்டு, கையால் பேனைத் தேடிக்கொண்டிருந்தார். அந்த அம்மா எழுந்து போகும்வரை திருமேனி நின்றான்.

“சின்னம்மை, மாப்பிள்ளை இங்க வந்தாரா?”

“எந்த மாப்பிள்ளை அண்ணே?”

“நல்லபெருமாள்.”

“வந்தார். நீங்க குழாய் பிடிச்சதுக்கு முந்தின நாள்.”

“அவர்கிட்டயும் என்கிட்டச் சொன்னதையேதான் சொன்னீங்களா? எதிர்ப்பக்கத்துக்கு எழுதுங்கன்னு?”

“அவர் உண்மை எதுன்னு கேட்கலையே.”

“பின்னே என்ன கேட்டார்?”

சின்னம்மை சீப்பைத் தட்டினார்.

“‘மச்சான் ஜெயிச்சிட்டா, காது குத்துக்கு வந்துடுவாரா?’ன்னு கேட்டார்.”

திருமேனி நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எனக்கென்ன தெரியும், ஜெயிக்க வெச்சுப் பாருங்கன்னேன்.”

சிறுமி நெளிந்தாள். சின்னம்மை அவள் தலையை மெதுவாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டார். ஆற்றிலிருந்து காற்று வந்தது. திருமேனி மூக்கை உறிஞ்சினான்.

“அப்ப உண்மைதான் எது சின்னம்மை?”

“காது குத்து என்னைக்கு?”

“நாளைக்கு.”

“கம்மல் வாங்கிட்டீங்களா?”

தாய்மாமன்தான் கம்மல் கொண்டுபோக வேண்டும். அவன் வாங்கவில்லை.

“கடை சாத்தற நேரம் அண்ணே.”

அவன் எழுந்து ஓடினான். பாதி வழியில் திரும்பிக் கத்தினான்.

“நீங்களும் வரணும் சின்னம்மை!”

“சோறு போட்டா வருவேன்!”

*

திருமேனி பாலத்தைத் தாண்டிப் போனான். தாம்பாளத்தில் கம்மல், பட்டுப்பாவாடை, வாழைப்பழம், வெற்றிலை பாக்கு. ஒத்தாசைக்குப் பெரியப்பா. பின்னால், வெறுங்கையை வீசிக்கொண்டு சின்னம்மை.

வாசலில் வடிவு நின்றாள். அண்ணனைப் பார்த்தாள். தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய், கதவுக்குப் பின்னால் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

நல்லபெருமாள் வந்தார். மூச்சு வாங்கினார்.

“வாங்க மச்சான். திட்டு உங்களோடதுதான். என் வாயாலயே சொல்றேன்.”

“யாரு சொன்னா? அது நீங்க பிறந்த இடம். நில்லுங்க, கால் எங்க இருக்கு? விழறேன்.”

“அட, விடுங்க மச்சான்! அந்தப் பரிசல் கதை எழுதினது நீங்களா? எங்க அம்மா அதைப் படிக்கச் சொல்லிப் படிக்கச் சொல்லிக் கேட்டு அழுதாங்க.”

“எங்கப்பா கதையை மட்டும் விட்டு வெச்சீங்களா நீங்க?”

“எண்ணிப் பார்த்தாராம்ல மச்சான், ஒண்ணுகூடக் குறையலைன்னு. அதை நினைச்சா இன்னும் எனக்கு…”

“வாசல்லயே நிக்கப் போறீங்களா ரெண்டு பேரும்?” என்றாள் வடிவு உள்ளேயிருந்து. குரல் உடைந்திருந்தது. “பத்தர் வந்து எவ்வளவு நேரமாச்சு!”

நகை செய்கிற பத்தர் ஊசியைத் துடைத்துத் தயாராக வைத்திருந்தார். நடுக்கூடத்தில் மணை போட்டிருந்தது. திருமேனி சட்டையைக் கழற்றிவிட்டு, புது வேட்டியில், மணைமேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். மடியைச் சரிசெய்துகொண்டான்.

“குழந்தையைக் கொண்டாங்க.”

பவளத்தைக் கொண்டுவந்தார்கள். பட்டுப்பாவாடையில் பொம்மை மாதிரி இருந்தாள். திருமேனி இரண்டு கையையும் நீட்டினான்.

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

“அம்மா, இது யாரு?”

வடிவு குனிந்து சொன்னாள்.

“மாமாடி. உன் மாமா.”

“இல்லை. மாமா போன்லதான் இருக்கும்.”

திருமேனி சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. அவளைத் தூக்கி மடியில் வைத்தார்கள். வைத்ததுதான் தாமதம், வீடு அதிர ஒரு கத்தல். காலை உதைத்தாள். திமிறி இறங்கி ஓடிப்போய் அப்பா காலைக் கட்டிக்கொண்டாள். நல்லபெருமாள் தூக்கினதும் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வெல்லம் காட்டினார்கள். பலூன் காட்டினார்கள். கம்மலை ஆட்டிக் காட்டினார்கள்.

“மாட்டேன்.”

“பிடிச்சு உட்கார வைங்க,” என்றார் திருமேனியின் பெரியப்பா. “தாய்மாமன் மடிதான் முறை. நம்ம பாட்டன் காலத்துலேருந்து அப்படித்தான்.”

“பிள்ளை பயப்படுது, பிடிச்சு வைங்கறீங்களே,” என்றாள் நல்லபெருமாளின் அத்தை. “அப்பன் மடியில குத்தினாத்தான் என்ன? எங்க பக்கத்துல அப்படிக் குத்தினதும் உண்டு.”

“எங்க நடந்துச்சு? யாருக்குக் குத்தினாங்க? பேரைச் சொல்லுங்க பார்ப்போம்!”

“என் நாத்தனார் மகளுக்கு!”

“அது மாமன் ஊர்ல இல்லாததனால!”

“இவரு மட்டும் இத்தனை நாளு ஊர்ல இருந்தாராக்கும்!”

“முறைன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?”

“பிள்ளை மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?”

ஆளுக்கு ஆள் சாட்சி சொன்னார்கள். வலங்கரைக்காரர்கள் ஒரு பக்கமும் இடங்கரைக்காரர்கள் ஒரு பக்கமுமாகக் கூடம் தானாகப் பிரிந்துகொண்டது. பத்தர் ஊசியைத் திரும்பவும் துடைத்தார்.

திருமேனி மணையைவிட்டு எழவில்லை. இந்தப் பேச்சையெல்லாம் எங்கேயோ படித்த மாதிரி இருந்தது அவனுக்கு.

தூணோரமாகச் சின்னம்மை உட்கார்ந்து, யாரோ கொடுத்த பொட்டுக்கடலையைக் கொறித்துக்கொண்டிருந்தார்.

“சின்னம்மை,” என்று அவன் கூப்பிட்டான். “நீங்களாவது சொல்லுங்க. மடி யாரோடது?”

“உங்களோடதுதான் அண்ணே. அதுல என்ன சந்தேகம்? இங்க யாரும் இல்லைன்னு சொல்லலையே.”

சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் கடலையை வாயில் போட்டுக்கொண்டார்.

திருமேனி குனிந்து தன் மடியைப் பார்த்தான். கசங்காத புது வேட்டி. வெறும் மடி.

நிமிர்ந்து பார்த்தான்.

நல்லபெருமாளின் தோளுக்கு மேலே குழந்தை ஒரு கண்ணால் அவனைப் பார்த்தாள். அவன் பார்த்ததும் மறைத்துக்கொண்டாள். முடி விலகியிருந்தது. சன்னல் வெயில் அந்தப் பக்கம் விழுந்தது. அப்போதுதான் அந்தக் காதை அவன் பார்த்தான். பக்கத்திலிருந்து, முதன்முதலாக. இவ்வளவு சின்னதா! வெயில் பட்டு, தளிர் மாதிரி சிவந்து, ஒளி ஊடுருவிக்கொண்டிருந்தது.

பெரியப்பா இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அத்தையும்தான்.

“மாப்பிள்ளை,” என்றான் திருமேனி.

யாருக்கும் கேட்கவில்லை.

“மாப்பிள்ளை!”

எல்லாரும் நிறுத்தினார்கள்.

“அவளை இறக்காதீங்க. அப்படியே நீங்க வந்து உட்காருங்க.”

“எங்க மச்சான்?”

திருமேனி தன் தொடையைத் தட்டினான்.

“இங்கதான்.”

யாரோ ஒரு பெண்பிள்ளை களுக்கென்று சிரித்தாள். வடிவுதான்.

“நானா?” நல்லபெருமாள் தன் உடம்பைத் தானே ஒரு தரம் பார்த்துக்கொண்டார். “மச்சான், விளையாடாதீங்க. ஆள் பார்க்கறாங்க.”

“பார்க்கட்டும். வாங்க.”

நல்லபெருமாள் குழந்தையோடு வந்தார். குனிந்தார். தயங்கினார். மெல்ல, மெல்ல, மச்சான் மடியில் உட்கார்ந்தார். திருமேனி “அம்மா” என்று ஒரு மூச்சு விட்டான். அப்புறம் இரண்டு கையாலும் இருவரையும் சேர்த்து வளைத்துக்கொண்டான்.

அத்தை வாயில் கை வைத்தாள். பெரியப்பா தலையைத் திருப்பிக்கொண்டார். அவர் தோள் மட்டும் குலுங்கியது.

“யாரும் அசையாதீங்க,” என்றார் பத்தர். அவருக்கே சிரிப்பு அடங்கவில்லை. கை நிலைக்கு வரட்டும் என்று கொஞ்சம் பொறுத்தார்.

ஊசி இறங்கியது.

குழந்தை அலறினாள். ஒரு கை அப்பா சட்டையைப் பிடித்தது. இன்னொரு கை காற்றில் துழாவி, அகப்பட்டதைப் பிடித்துக்கொண்டது. அகப்பட்டது மாமன் மீசை. விடவில்லை.

திருமேனியின் கண்ணில் தண்ணீர் கொட்டியது. அவன் தலையை அசைக்கவில்லை.

“இன்னொரு காது,” என்றார் பத்தர்.

நல்லபெருமாள் திரும்ப முடியாமல், முன்னால் பார்த்தபடியே மெதுவாகக் கேட்டார்.

“கனக்குதா மச்சான்?”

“கனக்கட்டும்.”